யாரும் அளக்காத தண்ணீர்

நிலத்தடி நீரின் அளவுகளைக் கணினி வரைபடத்தில் ஏற்றும் பயிற்சியின் மூன்றாம் நாள். அமுதவல்லி நாற்பது கிணறுகளில் கலந்திருந்த, தோல் பதனிடும் கழிவின் நஞ்சான குரோமியத்தின் அளவைப் புள்ளி புள்ளியாக வைத்து முடித்துவிட்டு மவுஸை அழுத்தினாள். புள்ளிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடமெல்லாம் நிறம் பரவியது. தோல் தொழிற்சாலைகளுக்குக் கிழக்கே ஒரு திட்டு, நஞ்சு மிக அதிகம் என்று காட்டும் அடர்சிவப்பில் நின்றது. அவளுடைய அக்கா பூங்கோதையின் ஊர் அதற்குள் இருந்தது.

"சார், இந்த ஊர்ல யாரும் தண்ணி எடுத்துப் பாக்கலையே. எப்படி சிவப்பாச்சு?"

"சுத்தி இருக்கிற கிணத்தை வச்சு அதுவே கணக்குப் போடுதும்மா," என்றார் பயிற்சியாளர் ஜோசுவா. "உத்தேசம்தான். நல்லா வந்திருக்கு, சேமிச்சுக்குங்க."

சேமித்தாள். அக்காவின் கணவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்து ஒன்பது மாதம் ஆகிறது. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் அக்காவை அழைத்தாள். "குடிக்க எந்தத் தண்ணிக்கா எடுக்கிறீங்க?"

"உங்க மாமா போட்ட போர் தண்ணிதான். ஏன்டி?"

"பரிசோதனைக்கு ஒரு பாட்டில் பிடிச்சு வை. சனிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் புள்ளைங்களுக்குக் கேன் தண்ணி வாங்கிக் குடு."



"ஆஸ்பத்திரிக்கும் அந்தத் தண்ணியத்தான்டி தினம் கொண்டுபோனேன்," என்றாள் அக்கா. "வேற தண்ணி தொண்டையில இறங்கலைன்னாரு மாமா."