தங்கள் மகளைத் திட்ட வேண்டாம்

வார்டன் அறையில் மொத்தம் ஐந்து பேர். மேஜைக்குப் பின்னால் வார்டன் மரகதம். அவளுக்கு வலப்பக்கம், சனிக்கிழமைகளில் மட்டும் கல்லூரிக்கு வந்து போகும் ஆலோசகர் ஆஷா. எதிரே ஸ்டூலில், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லாவண்யா. கட்டில் ஓரத்தில் மெஸ் நோட்டை மடியில் வைத்தபடி அவளுடைய அறைத்தோழி சிந்து. வாசலை அடைத்துக்கொண்டு தரையில் ஆயா தனலக்ஷ்மி.

"மூணு தபா பார்த்துட்டேன் மேடம். மத்தியானச் சாப்பாடு ஆனதும் பாத்ரூம்ல வாந்தி. இந்தப் பொண்ணுதான் பக்கெட்டோட நின்னு கழுவினு இருக்குது. கேட்டா வாயே தொறக்கல. நான் சும்னே பொய் சொல்வேனா?"

"வாந்தின்னதும் நீங்களா ஒண்ணு நெனச்சுக்கிட்டு, அதை மாடி மாடியா சொல்லியும் முடிச்சிருப்பீங்க," என்றாள் ஆஷா. ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மரகதத்துக்கு உடனே லாவண்யாவின் அப்பா ஞாபகம் வந்தது. அவருக்குச் சொந்த ஊர் அத்திபெலேயில் அரிசி மண்டி. இந்தப் பேச்சு காதில் விழுந்தால் மறுநாளே மல்லேஸ்வரத்து விடுதி வாசலில் ஜீப்போடு வந்து நிற்பார். அதோடு படிப்பு முடிந்தது, வைகாசியில் கல்யாணம்.

"இது நீங்க பயப்படற விஷயம் இல்ல மேடம்," என்றாள் ஆஷா. "இது ஒரு வியாதி. சாப்பிடப் பயம், சாப்பிட்டதை வயித்துல வச்சிக்கப் பயம். காலேஜ் பொண்ணுங்ககிட்ட நிறையப் பார்க்கறேன். டாக்டர்கிட்ட போகணும், வீட்டுக்கும் தெரியணும். ஆனா அவங்க அடிக்க ஓடி வராத மாதிரி தெரியணும்."

"லாவண்யா, நிஜமாம்மா?"

லாவண்யா சிந்துவின் பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் பாவாடையில் சொட்டியது.

மரகதம் மெஸ் நோட்டை வாங்கிப் புரட்டினாள். சாப்பிட்டவர்கள் பெயருக்கு நேரே டிக் போடுவது மெஸ் செகரெட்டரி சிந்துவின் வேலை. நூற்றிருபது பேருக்கும் சாதம் போட்டு, டிக் போட்டு, கூடமே காலியான பிறகுதான் அவள் தட்டெடுத்து உட்காருவாள். லாவண்யா பெயருக்கு நேரே ஒரு வேளைகூட விடுபடவில்லை.

"நோட்டுல எல்லாம் சரியாத்தானே இருக்கு சிந்து?"

"நோட்டை வச்சு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றாள் சிந்து. "பசிக்காதுன்னு நெனச்சுக்காதீங்க, பசிக்கும். ஆனா கரண்டி கிட்ட வந்தாலே பயம் வந்துடும். ஒரு வாய் கூடப் போயிட்டா உடம்பே ஊதிட்ட மாதிரி இருக்கும். வெளிய தள்ளற வரைக்கும் நிம்மதி இருக்காது. தள்ளின அப்புறம், சீன்னு இருக்கும்."

"இவ்வளவு தெரிஞ்சுமா வாயை மூடிட்டு இருந்தே?"

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம், மேடம்."

எஸ்.டி.டி. போட்டுப் பேசலாம்தான். ஆனால் மண்டியில் நாலு பேர் நடுவில் நின்றுதான் அந்த மனுஷர் போனை எடுப்பார். மரகதம் லெட்டர் பேடை எடுத்தாள். விடுதியிலிருந்து போகும் எந்தக் கடிதத்திலும் அவள் பெண்ணின் பெயரை எழுதியதில்லை. கணக்குப்பிள்ளை பிரிப்பாரோ, பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்டுவாரோ, யார் கண்டது? 'தங்கள் மகள்' என்றால் போதும், பெற்றவருக்குப் புரியும்.

எழுதி முடித்து உரக்கப் படித்தாள்.

'ஐயா, தங்கள் மகளுக்கு வந்திருப்பது வியாதி. திமிரும் அல்ல, வேறு எந்தத் தவறும் அல்ல. ஒன்று: தங்கள் மகளைத் திட்ட வேண்டாம். இரண்டு: ஒல்லி, குண்டு என்ற பேச்சே வீட்டில் வேண்டாம். மூன்று: வீட்டுக்கு வரும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேளாவேளைக்குக் கூடவே சாப்பிடவும்; தட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நான்கு: படிப்பை நிறுத்த வேண்டாம். மருத்துவரிடம் நாங்களே அழைத்துச் செல்கிறோம். வரும் ஞாயிறன்று நேரில் வரவும்.'

"படிப்பு நிக்காதில்ல மேடம்?" என்று கேட்டாள் சிந்து.

"நான் இருக்கற வரைக்கும் நிக்காது. இதுல ஒளிக்கவோ வெட்கப்படவோ ஒண்ணுமே இல்ல."

கடிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டுப் பசை தடவினாள். ஸ்டாம்ப் ஒட்டிச் சிந்துவிடம் நீட்டினாள். மாதாமாதம் மெஸ் பில்லை எல்லா வீடுகளுக்கும் அனுப்புகிறவள் அவள். விலாசங்கள் எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

சிந்து பேனாவை உறைமேல் ஊன்றினாள், எடுத்தாள், மறுபடி ஊன்றினாள். பிறகு மளமளவென்று எழுதினாள். எட்டிப் பார்த்த லாவண்யா துள்ளி எழுந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்டி சிந்து! ப்ளீஸ், வேணாம்!"

"விடும்மா. அப்பாவுக்குத் தெரிஞ்சுதான் ஆகணும்," என்றாள் மரகதம்.

சிந்து கையை விடுவித்துக்கொண்டு வெளியே போனாள். கேட்டுக்கு வெளியே இருந்த சிவப்புப் பெட்டிக்குள் உறை விழுவதை ஜன்னல் வழியாகப் பார்த்த பிறகுதான் மரகதத்துக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்த சிந்து, வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லாவண்யா கழுவி விட்டது மட்டும்தான் மேடம். லெட்டரைப் போட்டுட்டேன்... எங்கப்பா பேருக்கு."