ம் கொட்டும் தொட்டி

‘ம்ம்… ம்ம்…’ என்று வருஷக்கணக்காக விட்டுவிட்டு உறுமிக்கொண்டிருந்த மீன்தொட்டி மோட்டாரை, எரிச்சல் தாளாமல் நல்லசிவம் கழற்றினான். தேய்ந்த அச்சையும் விசிறியையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தினான். தண்ணீர் சத்தமே இல்லாமல் சுழன்றது.

சாயங்காலம் வேலைவிட்டு வந்த அவன் மனைவி உலகம்மாள், வழக்கம்போல் தொட்டியருகே உட்கார்ந்து அன்றைய கதையை ஆரம்பித்தாள். “இன்னைக்கு பஸ்ல ஒருத்தி என்னையப் பாத்து அழுதுட்டா…” பாதியில் நிறுத்திக் கண்ணாடியில் காதை வைத்தாள். “ஏன், ம் கொட்ட மாட்டியா?”

ஏழு மீன்களும் மெல்லத் திரும்பி நல்லசிவத்தைப் பார்த்தன. தேய்ந்த அச்சு அவன் உள்ளங்கையில் இன்னும் ஈரமாக இருந்தது. ம் என்று சொல்லப் பார்த்தான். மூடிய உதடுகளுக்கிடையிலிருந்து ஒரு நீர்க்குமிழி கிளம்பி, கூரையை நோக்கி மெதுவாக ஏறியது.