நான்காம் கட்டில்

"நாலாம் கட்டில்ல பேய் இருக்காம் டாக்டர். ஆபரேஷன் முடிஞ்சு அதுல படுத்தவங்களுக்கு மூணாம் நாள் காய்ச்சல் வருது. இப்போ யாரும் படுக்க மாட்டேங்கறாங்க," என்றார் தலைமைச் செவிலி.

மருத்துவர் சிரித்தார். "பேய் அட்மிஷன் சீட்டு வாங்கிச்சா? ரெண்டு வருஷப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பாருங்க. நாளைக்கு என் தங்கச்சிக்கு ஆபரேஷன். அவளையே அதுல படுக்க வைக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். நாள்தோறும் காலையில் தாமே தங்கையின் காயத்தைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்றாம் நாள் செவிலி ஒரு தாளோடு வார்டின் ஓரத்திலிருந்த அவரது மேசைக்கு வந்தார்.

"எண்ணிட்டேன். மத்த கட்டில்கள்ல பத்துப் பேர்ல ஒருத்தருக்குக் காய்ச்சல். நாலாம் கட்டில்ல ஏழு பேருக்கு."

"அப்போ பேய் இருக்குங்கறீங்க!"

"இருக்கு டாக்டர். ஆனா போன வருஷம் ரெண்டு மாசம் அது வரவே இல்லை. அந்தக் கட்டில்ல ஒருத்தருக்கும் காய்ச்சலும் இல்லை."

"எந்த ரெண்டு மாசம்?"

"நீங்க லீவுல இருந்தீங்களே, அப்போ."

மருத்துவரின் சிரிப்பு உறைந்தது. செவிலி குரலைத் தாழ்த்தினார்.

"சீழ்ப்புண்ணுக்குக் கட்டுப் போட்டுட்டு நேரா இங்கே வர்றீங்க. நீங்க நுழையற வாசல்ல முதல் கட்டில் நாலுதான்; முதல்ல தொடற காயமும் அதுலதான். கையைக் கழுவறீங்க; வாட்ச்சைக் கழட்டறதே இல்லை."

அவர் தம் மணிக்கட்டைப் பார்த்தார். கடிகாரத் தோல்வாரின் தையலில் ஏதோ மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

நான்காம் கட்டிலிலிருந்து தங்கை அழைத்தாள். "அண்ணா, இந்த ஃபேனை நிறுத்தேன். உடம்பெல்லாம் குளிருது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி ஓடவில்லை.