ரிவர்ஸ் இல்லாத கார்

கார் சிவப்பா, ஆரஞ்சா என்பதில் கதை சொல்கிறவனுக்கே சந்தேகம். நடந்தது போன பங்குனியிலா, அதற்கு முந்தினதிலா என்று கேட்டால் அதற்கும் பதிலில்லை. அந்தச் சின்னக் கார் போட்ட சத்தம் மட்டும் பிள்ளையார்பாளையத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி நினைவிருக்கிறது.

காருக்குச் சொந்தக்காரன் சிவபாலன், பட்டுத் தறிக்காரன். முசரவாக்கத்தில் வைக்கோல் போர் ஓரமாக எஞ்சின் செத்துக் கிடந்த காரை இரும்பு விலைக்கு வாங்கி வந்திருந்தான். மனைவி சங்கரிக்கு ஏழாம் மாதம். பைக்கில் ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். வளைகாப்பு முடிந்து அவளைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகும்போது, மாமனார் வாசலில் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்.

வேறு எஞ்சின் வாங்க வழியில்லை. ஆனால் வாசலில் ஒரு புல்லட் நின்றுகொண்டிருந்தது.

அது தலை தீபாவளிக்கு மாமனார் மாணிக்கவாசகம் கொடுத்தது. அவர் ஊரில் பெரிய மனிதர். சாமிக்குப் பட்டு சார்த்துகிற குடும்பம். ஆர்.சி.யில் பெயர் மாற்றித் தருகிறேன் என்று அன்றைக்குச் சொன்னவர், இன்னும் தரவில்லை. அதைப் போய்க் கேட்பது மரியாதையா? எங்கே பார்த்தாலும் மாப்பிள்ளையை விசாரிப்பதற்கு முன் வண்டியைத்தான் விசாரிப்பார். அவரிடம் வண்டியைப் பிரித்துப் போட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

எனவே சிவபாலன் பொய் சொன்னான். வாலாஜாபாத் சந்தையில் நிறுத்தியிருந்த வண்டியைக் காணோம் என்றான்.

மாமனார் அவன் தோளில் கை வைத்தார்.

"போனது போவட்டும் மாப்பிள்ள. ஸ்டேஷனுக்கெல்லாம் போவாதீங்க. போலீசு வூட்டுக்கு வந்து போயிக்கினு இருந்தா புள்ளத்தாச்சி பயந்துக்குவா."

சிவபாலன் கூனிக் குறுகிப் போனான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக ஏமாற்றியிருப்பான்.

திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் ஆதிகேசவன், காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே புல்லட் எஞ்சினை உட்கார வைத்தான். செயின் மாட்டிப் பின் சக்கரங்களோடு இணைத்தான். கிக்கர் பின்கதவு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கி உதைத்துவிட்டு, ஓடி வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார வேண்டும்.

கார் ஓடியது. தறிச் சத்தத்துக்குப் பழகிய தெருவே எழுந்து வாசலுக்கு வந்தது. மாமனார் சத்தத்தைப் பற்றிக் கேட்டால் சைலன்சர் ஓட்டை என்று சொல்லச் சொன்னான் ஆதிகேசவன். பைக் எஞ்சினுக்கு ரிவர்ஸ் கிடையாது என்பதைக் கடைசியாகத்தான் சொன்னான்.

"பின்னால போவுற வேலை நமக்கு எதுக்குப்பா?"

வளைகாப்பு முடிந்தது. எஞ்சின்மேல் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்கள். விஷயமெல்லாம் தெரிந்த சங்கரி வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள். பாதித் தெருவில் எதிரே சாமி ஊர்வலம். எஸ்.ஐ. ஜெயக்குமார் கையைக் காட்டி மறித்தார்.

"ரிவர்ஸ் எடுப்பா. சாமி வருது."

"ரிவர்ஸ் இல்ல சார்."

"இல்லன்னா? வித்துட்டியா?"

நாலு பேர் சேர்ந்து காரை அலாக்காகத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். அந்த ஆட்டத்தில் பெட்டி சரிந்தது. எஸ்.ஐ. எஞ்சினைப் பார்த்தார், சிவபாலனைப் பார்த்தார், எங்கே திருடியது என்று கேட்டார். என் பைக்குடையது என்றான். ஆர்.சி. எங்கே என்றார். மாமனாரிடம் என்றான். அப்படியானால் மாமனாரைக் கூப்பிடு என்றார்.

மாமனாரைப் பொறுத்தவரை வண்டி திருடு போய்விட்டது. உண்மையைச் சொன்னால் இனி அந்த வாசற்படியை மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் லாக்கப். சங்கரி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அவள் கை வளையல்களைப் பார்த்தபடியே சிவபாலன் போனை எடுத்தான்.

"மாமா, வண்டி திருடு போவல. நான்தான் பிரிச்சி காருல போட்டுட்டேன். திருட்டு எஞ்சின்னு எஸ்.ஐ. புடிச்சி வச்சிக்கினு இருக்காரு. நீங்க வந்து, இது நீங்க குடுத்த வண்டிதான்னு ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாரு."

பல்லக்கு அவர்களைத் தாண்டிப் போனது. மேளம் தெருமுனை திரும்பித் தேய்ந்து அடங்கியது.

"தோ வரேன் மாப்பிள்ள," என்றார் மாணிக்கவாசகம்.

சிவபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரையா ஏமாற்றினோம்?

அவர் வரவில்லை.

எஞ்சின் நம்பரை வைத்துத் துருவிய போலீஸ், சிவபாலனை விசாரித்துவிட்டு விட்டுவிட்டது. சங்கரிக்கு மாமியார் வீட்டிலேயே பிரசவம் நடந்தது, பெண் குழந்தை. ஆதிகேசவன் இப்போது மொபெட் மட்டும்தான் பார்க்கிறான். கார் ஸ்டேஷன் சுவரை முட்டிக்கொண்டு நிற்கிறது.

மாணிக்கவாசகம் வேலூர் சிறையில் இருக்கிறார். வெளியூர்க் கல்யாண மண்டபங்களுக்குக் கூறைப்புடவை கொடுக்கப் பஸ்ஸில் போய், திரும்பும்போது மண்டப வாசலில் நிற்கிற ஏதாவது ஒரு பைக்கில் வந்துவிடுவது அவருக்கு வெகுநாள் வழக்கமாம்.