மேடைக்கு முதுகு

தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபர் அருணகிரி மணமேடைக்கு முதுகைக் காட்டி நின்றுவிடுவார். எந்தக் கல்யாணத்திலும் அவர் பாணி அதுதான்.

"நம்ம பக்கம் திரும்பவே இல்லையே அந்த மனுஷன்," என்று புருஷன் முணுமுணுக்க, தமயந்தி தங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினாள். கூட்டம் முழுக்க விரிந்த கைகள், அந்தரத்தில் அட்சதை. பந்திக்கூடத்து வாசலில் ஒரு கை மட்டும் மூடியிருந்தது. அம்மாவின் கை. அப்பா போனதிலிருந்து நல்ல காரியங்களில் அவள் தள்ளியேதான் நிற்பாள்.

"அட்சதை போட்டியாம்மா?" என்று அடுக்களையைப் பார்த்துக் கேட்டாள்.

"போடாம இருப்பேனா?"

அந்த போட்டோகிராபருக்கு என்ன கண்ணு என்று வியந்தபடியே தமயந்தி எழுந்துபோய், அரிசியில் மஞ்சளைப் பிசறி அம்மாவின் கையில் வைத்தாள். புருஷனையும் இழுத்து நிறுத்தித் தலைகுனிந்தாள்.