தூக்காத கை

கைப்பைக்குள் இருந்த பழுப்புக் கவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே புஷ்பத்தின் வீட்டுக்கு வந்தாள் பேபி. திருடிவிட்டு வந்தவளைப் போல அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

மாடிப்படிக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. கீழ்வீட்டு மெட்டில்டா அக்கா ஞாயிற்றுக்கிழமையானால் ஜெபக்கூட்டம் வைப்பவர். இன்றைக்குப் பாட்டுச் சத்தத்தைத்தான் காணோம். 'இந்தப் பாவிக்கும் சேர்த்து ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு மேலே ஏறினாள்.

கதவைப் பாதி திறந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள் புஷ்பம். பின்னால் திரைச்சீலை தொங்கியது.

"இன்னாடி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

பேபி தலையைக் குனிந்துகொண்டாள். எந்த முகத்தோடு நிமிர்ந்து பார்ப்பாள்?

மறைமலை நகரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் வேலை பார்த்தவர்கள். மாசம் பன்னிரண்டாயிரம். வீட்டு வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்த்தால் அழுகைதான் வரும். முதலாளிக்கு மட்டும் மாசம் நாற்பது லட்சமாம்! அது காதில் விழுந்த அன்றைக்கே புஷ்பம் கொதித்துப்போய், எல்லாரும் வேலை செய்யும் லைனிலேயே மேனேஜர் வேதசிரோமணியிடம் போய் நின்றாள்.

"முதலாளியில இருந்து கூட்டிப் பெருக்குற ஆயா வரைக்கும் எல்லார் சம்பளத்தையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க சார்! யாருக்கு எவ்ளோன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

மனிதர் கொஞ்சம்கூட அசரவில்லை. "ஒட்டிட்டாப் போச்சு. வேணுங்கிறவங்க கையைத் தூக்குங்கம்மா" என்றார்.

ஒரு கை எழவில்லை. பேபியும் தூக்கவில்லை. அந்த லைனில் இருந்த அத்தனை பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாளே புஷ்பத்தின் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

நாளைக்குத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. சாட்சி சொல்ல ஒருத்தியாவது வராவிட்டால் போன வேலை போனதுதான்.

"புஷ்பம், என்னை ரெண்டு அறை அறைஞ்சிடுடி!" பேபி வாசற்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கு?"

பேபி கவரை எடுத்து நீட்டினாள்.

"மாசாமாசம் மேனேஜர் தனியாக் கூப்ட்டுக் குடுப்பாரு. ரெண்டாயிரம். 'உன் வேலை சுத்தம், அதனால உனக்கு மட்டும்தான். வெளிய தெரிஞ்சா மத்தவளுங்க வயிறெரிவாளுங்க'ன்னு என் பொண்ணு ஓவியா தலைமேல சத்தியம் வாங்கிட்டாரு. அவ காலேஜ் ஃபீஸே அதுலதான் ஓடுது."

புஷ்பம் கவரை ஒருமுறை பார்த்தாள்; வாங்கவில்லை.

"போர்டுல ஒட்டுனா என் வண்டவாளம் தெரிஞ்சிடுமே! கூட வேலை செய்யறவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? அந்தப் பயத்துலதான் கையைத் தூக்கல. நான் தூக்கியிருந்தா மத்தவங்களும் தூக்கியிருப்பாங்க. உன்னை நான்தான்டி கெடுத்தேன்."

"பெத்த பொண்ணு மேல சத்தியம் பண்ணிட்டு இப்ப ஏன் வந்து சொல்றே?"

"உன் வூட்ல ரெண்டு நாளா அடுப்பு எரியலன்னு கேள்விப்பட்டேன். அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல." பேபி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "பாவம் வந்தா என் தலையில விடியட்டும், என் பொண்ணை விட்ரட்டும். நாளைக்கு வந்து எல்லாத்தையும் சொல்லிடறேன். வேலை போனாப் போவுது. யாருமே வரலன்னாலும் நான் ஒருத்தி வரேன்."

புஷ்பம் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இன்னொரு கையால் திரைச்சீலையை ஒதுக்கினாள்.

அந்த ஒற்றை அறையில் கால் வைக்க இடமில்லை. அவர்கள் லைன் பெண்கள் அத்தனை பேரும் அழுது வீங்கிய முகத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பழுப்புக் கவர்.

"உள்ள வாடி. நீ மட்டும்தான் பாக்கி."