கடைசி வீட்டின் பதில்

வீட்டுக்குள் குழாய் போட்டு நாள் முழுக்கத் தண்ணீர் விட்டால் மாதம் எவ்வளவு கட்டுவீர்கள் என்று வீடு வீடாகக் கேட்பது அவள் வேலை. குடும்பத் தலைவரைத்தான் கேட்க வேண்டும். பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. தெருவில் பாதி வீடுகள் சம்மதித்தால்தான் குழாய் வரும். இன்னும் ஒரே ஒரு வீடு தலையாட்டினால் போதும். இது எங்கே போய்விடப் போகிறது என்று இந்த வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

நாற்காலியில் இருந்தவர் பேப்பரை மடிக்காமலே பதில் சொன்னார்.

"எதுக்குக் கட்டணும்? எங்களுக்குத் தண்ணிக் கஷ்டமே இல்லையே."

"லாரி தெருமுனையிலேயே நின்னுடுது. அங்கேருந்து மூணு மாடி தூக்கணுமே?"

"கேள்விய மட்டும் கேளுங்க மேடம்," என்று சிரித்தார்.

"கொஞ்சமாவது தரலாமே?" விதியை மீறித்தான் கேட்டாள்.

"தூக்க ஆள் இருக்கு. கூலியும் கிடையாது. அப்புறம் குழாய்க்கு எதுக்குத் தண்டம் அழணும்?"

'ஆள்' என்ற சொல்லில் அவள் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு, 'எதுவும் தர விருப்பமில்லை' என்று எழுதி நீட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

தெருமுனையில் லாரியின் ஹாரன் கேட்டது.

"எழுதியாச்சுல்ல? பையை வச்சுட்டுக் குடத்தை எடு. கூட்டம் சேர்ந்துடப் போகுது," என்றார் அவள் கணவர்.